வயரைச் செருகியவரை விடுங்கள்: திருகோணமலை அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்கள், நிருவாக உத்தியோகத்தர்கள், கொள்வனவுக் குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

குச்சவெளியிலிருந்து வெருகல் வரை இந்த மாவட்டத்து அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வயர் இழுத்து, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் பூட்டி, "நெட் இல்லை" என்றதும் ஓடி வருகிறவர்களில் நானும் ஒருவன். உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருக்கும் நீல வயர்ச் சுருளைத் தெரியும். இந்த மடலை எழுத வைத்தது ஒரு கடிதம். அது எனக்கு வந்த கடிதம் அல்ல.

நகருக்குள் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். சுவருக்குப் பெயின்ட் அடித்து முடித்த அடுத்த திங்கட்கிழமை. எட்டரைக்குக் கதவு திறந்தது, ஒன்பது மணிக்கெல்லாம் திரைகள் உறைந்துவிட்டன. வெளியே பிரதி எடுக்க வந்தவர்களின் வரிசை படி இறங்கி வீதிக்கு வந்துவிட்டது. வெருகல் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா, கையில் கோப்பு உறையோடு மதிலோரம் குந்தியிருந்தார். வாசல் மர நிழலில் வழக்கம்போல இரண்டு மான்கள் படுத்திருந்தன. அன்று அவசரம் இல்லாதவை அவை மட்டும்தான்.

முதலில் இணையக் கம்பனிக்கு அழைத்தார்கள். தங்கள் பக்கம் சரி என்று அவர்கள் சொன்னார்கள். உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. பிறகு ரவுட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டார்கள். பிறகு வைரஸ் என்றார்கள். பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

சுவிட்ச் பூட்டியிருக்கும் ரேக் அலமாரியின் கதவைத் திறந்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. நன்றாக இருக்கிற சுவிட்சின் விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறீர்களா? மழை தொடங்கும்போது தகரக் கூரையில் துளி விழுவது போல, ஒன்று இங்கே, இரண்டு அங்கே, தத்தம் பாட்டுக்கு மினுங்கும். அன்று இருபத்து நான்கு விளக்குகளும் ஒரே தாளத்தில், கண்ணுக்கு அணையாமலே எரிவது போல அடித்துக்கொண்டிருந்தன. என் மடிக்கணினியைப் பூட்டிப் பக்கத்தில் இருக்கும் ரவுட்டருக்குப் பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பினேன். ஒரு மில்லி செக்கனில் வரவேண்டிய பதில் இரண்டு செக்கன் கழித்து வந்தது. அடுத்தது வரவேயில்லை. லூப், அதாவது வயர்ச் சுழல், விழுந்திருக்கிறது.

பாதி வயர்களைக் கழற்றினேன். விளக்குகள் அடங்கின. கழற்றியதில் பாதியைத் திருப்பிச் செருகினேன், அமைதி. இன்னும் மூன்று. அப்போதும் அமைதி. பதினேழாவது போர்ட்டில், அதாவது வயர் ஓட்டையில், செருகிய அந்தக் கணமே மறுபடி எல்லா விளக்கும் வெறிகொண்டன. வயரில் அடையாளச் சீட்டு எதுவும் கிடையாது. தேடும் கருவியை ஒரு நுனியில் பூட்டி, அதன் "கீ" சத்தத்தைச் சுவரோரமாகத் தொடர்ந்து மேல்மாடிக்குப் போனால், ஒரு மேசைக்கடியில் எட்டுப் போர்ட் உள்ள சின்னச் சுவிட்ச். அதிலிருந்து இரண்டு வயர்கள் சுவருக்குள் போயின. இரண்டுமே கீழே அதே ரேக்கில்தான் முடிந்தன. ஒன்று எப்போதும் உள்ள இணைப்பு. மற்றது முன்பு ஒரு பிரிண்டருக்குப் போனது. பெயின்ட் அடிக்கக் கழற்றியபோது பிரிண்டர் வேறு அறைக்குப் போய்விட்டது, வயர் மட்டும் தொங்கியது. திங்கள் காலை மேசைகளைப் பழைய இடத்தில் வைத்த அலுவலக உதவியாளர், அநாதையாகத் தொங்கிய அந்த நுனியைப் பார்த்து, "இது எங்கேயோ இருந்து கழன்றிருக்கு" என்று வெறுமையாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டார். ஒழுங்கான மனிதர். கீழே கடதாசி கிடந்தாலும் பொறுக்கிப் போடுகிறவர்.

பழுது பார்த்து முடிய பன்னிரண்டேகால். அதே கிழமை அவருக்கு விளக்கம் கோரி ஒரு கடிதம் போனது. "அனுமதியின்றி வலையமைப்புச் சாதனத்தில் கைவைத்து அரச கடமைக்கு இடையூறு விளைவித்தமை" என்று இருந்ததாம். அந்த அண்ணன் அதை என்னிடம் வாசித்துக் காட்டிவிட்டு, "தம்பி, நான் என்ன பதில் எழுத?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு கட்டடத்தில் யாரோ ஒருவர் ஒரு நாள் தவறான ஓட்டையில் ஒரு வயரைச் செருகுவார். அது நடந்தே தீரும். கதவு என்றிருந்தால் யாராவது தலையை இடித்துக்கொள்வது போல. அப்படிச் செருகியதற்காகக் கட்டடம் முழுவதும் படுத்துவிட்டதென்றால், குற்றம் செருகிய கையில் இல்லை. படுக்கவிட்ட சுவிட்சில் இருக்கிறது. சுவிட்சைத் தெரிந்தெடுத்தவர்கள் நீங்கள். பூட்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள்.

ஏன் படுக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வயர் மாறிப் போச்சு" என்ற அளவில் விளங்கிக்கொண்டால் தண்டனைக் கடிதம்தான் ஞாபகம் வரும். பாடசாலைப் புத்தகம் ஆளி என்று சொல்லும் சுவிட்ச், தனக்குத் தெரிந்த முகவரிக்கு வந்த தகவல் பொதியை அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். எல்லோருக்கும் பொதுவான பொதி வந்தால், வந்த வாசல் தவிர மற்ற எல்லா வாசலாலும் பிரதி எடுத்து அனுப்பும். பொதுப் பொதிகள் எந்நேரமும் ஓடும்: ஒரு கணினி எழுந்ததும் "எனக்கு ஒரு முகவரி தாருங்கள்" என்று கூவும், இன்னொன்று "இந்த முகவரிக்காரர் யார்?" என்று கேட்கும். மத்திய பஸ் நிலையத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரிதான். கூப்பிட்ட ஆள் திரும்பிப் பார்த்ததும் கதை முடிந்தது.

இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு வயர்கள் இருந்தால் கதை முடியாது. முதல் வயரால் போன கூப்பாட்டை இரண்டாம் சுவிட்ச் இரண்டாம் வயரால் திருப்பி அனுப்பும். முதல் சுவிட்ச் அதைப் புதுக் கூப்பாடு என்று எண்ணி மறுபடி எல்லா வாசலாலும் அனுப்பும். எதிர்த் திசையிலும் இதே கதை. இணையத்தில் ஓடும் ஐபி பொதிக்கு ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூச்சியமானால் பொதி செத்துவிடும். அந்த எண் 255ஐத் தாண்டாது. ஆனால் அந்தப் பொதியை வயரில் சுமக்கும் உறையான, சுவிட்சுகள் பார்க்கும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அப்படியொரு ஆயுள் எண் வைக்கப்படவேயில்லை. சுழலுக்குள் அகப்பட்டால் அது சாகாது. வயரைப் பிடுங்கும் வரை சுற்றும்.

எவ்வளவு வேகத்தில் என்றால், 64 பைட் கொண்ட மிகச் சிறிய சட்டகங்களை 100 மெகாபிட் வயர் ஒரு செக்கனில் 148,809 வரை சுமக்கும். கிகாபிட் வயர் 1,488,095 வரை சுமக்கும். இவை பொதுக் கூப்பாடுகள் என்பதால் அலுவலகத்தின் ஒவ்வொரு கணினியும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அதனால்தான் வயரே தொடாத அறையில் இருக்கும் கணினிகூட மூச்சு வாங்குகிறது, மௌஸ் இழுபடுகிறது, உடனே யாரோ "வைரஸ்" என்கிறார். இன்னொரு வினையும் உண்டு. யார் எந்த வாசலில் இருக்கிறார் என்று சுவிட்ச் ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஒரே ஆளின் குரல் ஒரு கணம் ஐந்தாம் வாசலாலும் அடுத்த கணம் பதினேழாம் வாசலாலும் வந்தால் அந்தப் பட்டியல் குழம்பிவிடும். அப்புறம் ஒருவருக்கு மட்டும் எழுதிய பொதியும் தவறான வாசலால் போய்விடும். மேலாண்மை வசதி உள்ள சுவிட்சின் பதிவேட்டில் ஒரே முகவரி இரு போர்ட்டுகளுக்கிடையே தாவுவதாக வரிக்கு வரி வந்துகொண்டிருந்தால், அந்த இரண்டு போர்ட்டுகளையும் பிடியுங்கள். முக்கால்வாசித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

முன்பு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. பழைய சுவிட்சுகளை ஒன்றோடொன்று பூட்ட உள்ளே கம்பி மாற்றிப் போட்ட தனி வயர் வேண்டும். சாதாரண வயரைச் செருகினால் விளக்கே எரியாது. இப்போதைய சுவிட்சுகள் எந்த வயர் வந்தாலும் தாங்களே கண்டுபிடித்து ஒத்துப்போகின்றன. எங்களுக்கு அது பெரிய சுகம். மேசைக்கடியில் லூப் போடுகிறவருக்கும் அதே சுகம்.

இதற்கு மருந்து கண்டுபிடித்து எத்தனை காலம் என்று பாருங்கள். 1985 இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கோர்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கம்பனியில் வேலை செய்த ரேடியா பேர்ல்மன் என்ற பெண்மணி ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை வடித்தார். 1990 இல் பொறியியலாளர்களின் தர அமைப்பான ஐ.ஈ.ஈ.ஈ. அதை 802.1டி என்ற தரமாக வெளியிட்டது. அண்மையில் பல்கலைக்கழகம் முடித்து உங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளைவிட இந்தத் தீர்வுக்கு வயது கூட.

அதன் சூட்சுமம் எளிமையானது. சுவிட்சுகள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தெரிவு செய்யும். தலைவரிடமிருந்து இரண்டு செக்கனுக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று ஒரு குறுஞ்செய்தி புறப்படும். அதற்குப் பெயர் பிபிடியு. மற்றச் சுவிட்சுகள் ஒவ்வொன்றும் தலைவரிடம் போக மிக மலிவான ஒரே வழியை வைத்துக்கொண்டு, சுற்றுப்பாதை உண்டாக்கும் மற்ற வழிகளை மூடி வைக்கும். வயரைப் பிடுங்குவதில்லை, வாசலை மட்டும் அடைத்து வைக்கும். முதல் வழி அறுந்தால் மூடிய வாசல் திறக்கும். வேர் ஒன்று, கிளைகள் பல, எந்தக் கிளையும் திரும்பி வந்து இன்னொரு கிளையோடு ஒட்டாது. அதுதான் மரம்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் பாதை என்ற மிதவைப் படகில் ஏறிக் கடந்தவர்களுக்கு இரண்டாவது வழி ஒன்று இருப்பதன் அருமை தெரியும். பாதை அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். எனவே இரண்டு வயர்கள் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போடுங்கள். ஒன்றை அடைத்து வைக்கத் தெரிந்த சுவிட்சாகப் போடுங்கள்.

தலைவர் தெரிவு பற்றி ஒரு சங்கதி. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு, சிறிய எண் வைத்திருப்பவர் தலைவர். கடையில் வாங்கும்போது எல்லாச் சுவிட்சிலும் 32768 என்றே இருக்கும். யாரும் மாற்றாவிட்டால் எல்லோரும் சமம்; அப்போது எவருடைய வன்பொருள் முகவரி மிகச் சிறியதோ அவர் தலைவர். பழைய சுவிட்சுகளின் முகவரி பெரும்பாலும் சிறியதாக இருக்கும். ஆக, மாடிப்படிக்கடியில் தூசு படிந்து, பல்லி குடியிருக்கும் மிகப் பழைய பெட்டிதான் முழு அலுவலகத்துக்கும் தலைவராகிவிடுகிறது. எங்கள் சங்கங்களில் நடக்காததா? ரேக்கில் இருக்கும் பிரதான சுவிட்சுக்கு 4096 என்றும், அதற்கு அடுத்ததற்கு 8192 என்றும் கொடுத்துவிட்டால் இந்த வேடிக்கை தீரும். இரண்டு நிமிட வேலை.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். கீழே ரேக்கில் இருந்தது மலிவுச் சுவிட்ச் அல்ல. நீங்கள் நல்ல காசு கொடுத்து வாங்கிய, ஸ்பானிங் ட்ரீ உள்ள சுவிட்ச். உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த வசதி அணைக்கப்பட்டிருந்தது.

ஏன் அணைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் அணைத்திருக்கிறேன். பழைய முறையில் ஒரு போர்ட் உயிர் பெற்றதும் 15 செக்கன் கேட்டுக்கொண்டிருக்கும், இன்னும் 15 செக்கன் படித்துக்கொண்டிருக்கும், பிறகுதான் தகவலை விடும். இதற்குள் கணினி எழுந்து, முகவரி கேட்டுக் கேட்டுக் களைத்து, 169.254 என்று தானாக ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். எழுதுவினைஞர் மிஸ் "என்ர கம்பியூட்டருக்கு நெட் வருதில்லை" என்பார். வித்தவர் வருவார், ஸ்பானிங் ட்ரீயை அணைப்பார், உடனே நெட் வரும். எல்லோருக்கும் சந்தோஷம், தேநீரும் கிடைக்கும். மூன்று வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஓர் அலுவலக உதவியாளர் அதற்கு விலை கொடுப்பார்.

செய்ய வேண்டியது அணைப்பதல்ல. கணினி மட்டும் பூட்டும் போர்ட்டுகளை "விளிம்புப் போர்ட்" என்று அறிவித்தால் அந்த 30 செக்கன் காத்திருப்பு இல்லை. சுவிட்ச் செய்யும் சிஸ்கோ கம்பனிக்காரர் இதைப் போர்ட்பாஸ்ட் என்பார்கள். கூடவே பிபிடியு கார்ட் என்ற காவலையும் போட வேண்டும். விளிம்புப் போர்ட்டில் கணினிதான் இருக்க வேண்டும், கணினி பிபிடியு பேசாது. அங்கிருந்து ஒரு பிபிடியு வந்தால் அந்தப் பக்கம் யாரோ சுவிட்ச் பூட்டியிருக்கிறார்கள், அல்லது நாம் அனுப்பியதே சுற்றித் திரும்பி வருகிறது. இரண்டும் ஆகாது, காவல் அந்த வாசலை மூடிவிடும். ஒரு மேசைக்கு மட்டும் நெட் இல்லாமல் போகும், கட்டடம் முழுவதும் படுக்காது. 2001 இல் வந்த 802.1டபிள்யூ என்ற விரைவு முறை, பழையதில் 50 செக்கன் வரை இழுத்த மாற்றத்தைச் சில செக்கன்களுக்குள், பல வேளை அதற்கும் குறைவாக முடிக்கிறது. "ஸ்பானிங் ட்ரீ போட்டால் நெட் சுணங்கும்" என்று இன்னும் சொல்கிற தொழில்நுட்பர் உங்களிடம் வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மேசைக்கடிச் சின்னச் சுவிட்சுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவற்றுக்குப் பிபிடியு என்றால் என்னவென்று தெரியாது. சில அதை அப்படியே கடத்திவிடும், சில விழுங்கிவிடும். விழுங்கிவிட்டால் ரேக்கில் உள்ள காவலுக்கு எதுவும் தெரியவராது. இதற்கென்றே லூப் கண்டறியும் வசதி ஒன்று தனியாக உண்டு. சுவிட்ச் தன் அடையாளத்தோடு ஒரு சோதனைப் பொதியைச் சில செக்கன்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு போர்ட்டாலும் அனுப்பும். தான் அனுப்பியது தன்னிடமே திரும்பி வந்தால் அந்தப் போர்ட்டை மூடும். டி-லிங்க், டிபி-லிங்க், மைக்ரோடிக் என்று நம் கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில், "ஸ்மார்ட்" என்று எழுதியிருக்கும் சின்ன வகையில்கூட இது பெரும்பாலும் இருக்கும். வெறும் சுவிட்சுக்கும் இதற்கும் சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் மிகக் குறைந்த விலைமனுவைத்தான் எடுப்போம் என்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரை இந்தப் பெட்டி உங்கள் அலுவலகத்துக்குள் வராது. கேள்விப்பத்திரத்தில் "24 போர்ட் சுவிட்ச்" என்று மட்டும் எழுதினால் மலிவுதான் வெல்லும். அது சட்டப்படி சரியும்கூட. "விரைவு ஸ்பானிங் ட்ரீ, பிபிடியு கார்ட், லூப் கண்டறிதல், பொதுப் பொதிக் கட்டுப்பாடு ஆகியன இருக்க வேண்டும், அவை இயங்கும் நிலையில் ஒப்படைக்கப்பட வேண்டும்" என்று எழுதுங்கள். கடைசிப் பாதியை மறவாதீர்கள். இல்லாவிட்டால் வசதி பெட்டிக்குள் தூங்கும்.

பொதுப் பொதிக் கட்டுப்பாடு என்று சொன்னேன். ஸ்டோர்ம் கன்ட்ரோல் என்பார்கள். ஒரு போர்ட்டால் வரும் கூப்பாடுகள் ஓர் அளவைத் தாண்டினால் மிச்சத்தை எறிந்துவிடும். இது பனடோல் மாதிரி. காய்ச்சலைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது. ஆனால் காய்ச்சல் குறைந்தால்தான் நாங்கள் தொலைவிலிருந்து உள்ளே புகுந்து நோயைத் தேட முடியும். இல்லாவிட்டால் சுவிட்சின் மூளையே அடைபட்டு எங்கள் கட்டளைக்கும் பதில் சொல்லாது.

மூடிய போர்ட் எப்போது திறக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. சிலர், தொழில்நுட்பர் வந்து பார்க்கும் வரை மூடியே இருக்கட்டும் என்பார்கள். பாடசாலைகளுக்கு நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கணினிக் கூடத்தில் பதினோராவது போர்ட் மூடியது. "இந்த ஓட்டை பழுது" என்று பன்னிரண்டில் செருகினார்கள். அதுவும் மூடியது. பதின்மூன்று. நான் போனபோது ஆறு போர்ட்டுகள் மூடியிருந்தன, லூப் வயர் ஏழாவதில் இருந்தது, புதுச் சுவிட்சுக்கு விலைமனுக் கோரும் கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தானாகத் திறந்து பார்க்கட்டும், லூப் இருந்தால் மறுபடி மூடட்டும். பல சுவிட்சுகளில் 300 செக்கன் என்பதே பழக்கமான கணக்கு. சுவிட்சின் நெற்றியில் ஒரு சீட்டும் ஒட்டுங்கள்: "விளக்கு அணைந்தால் ஓட்டை பழுதல்ல, வயரைப் பாருங்கள்".

எங்கள் ஊருக்கே உரிய ஒரு லூப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடலோரக் கட்டடங்களில் உப்புக்காற்று வயர் நுனியின் செப்புத் தகடுகளைப் பச்சை பூக்க வைக்கும். பூத்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குப் போகும் பழைய வயர் செத்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் புதிது இழுப்போம். பழையதைப் பிடுங்க மாட்டோம், "இருக்கட்டும்" என்போம். பிடுங்கினால் சுவர் உடைய வேண்டும், பிறகு பெயின்ட். ஆறு மாதம் கழித்து யாரோ ரேக்கைத் துடைக்கும்போது அந்தப் பழைய நுனி அசைந்து, தகட்டோடு தகடு ஒட்டி, செத்த வயர் எழுந்துகொள்ளும். அன்று யாரும் எதையும் செருகவில்லை. யாருக்குக் கடிதம் அனுப்புவீர்கள்? நான் இப்போது செய்வது, விட்ட வயரின் இரு நுனியையும் வெட்டி எறிந்துவிடுவது. சிக்கனக்காரர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் அரை நாள் வயர் தேடினேன். சுவிட்சில் லூப், ஆனால் வயரில் இல்லை. கடைசியில் பார்த்தால், வைபை எட்டாத அறைக்காக வாங்கிய ரிப்பீட்டர் காற்றால் ஒரு தடவையும், "வேகமாக இருக்கும்" என்று யாரோ பூட்டிய வயரால் இன்னொரு தடவையும் அதே வலையமைப்போடு கைகோர்த்திருந்தது. பாதி லூப் காற்றில். மேசைத் தொலைபேசிகளும் இப்படித்தான்: ஐபி போனின் முதுகில் இரண்டு ஓட்டைகள், ஒன்று சுவருக்கு, மற்றது கணினிக்கு. சுத்தம் செய்பவர் இரண்டையும் சுவருக்குக் கொடுத்தால் லூப். இரண்டு ஓட்டைகளும் ஒரே அளவு, ஒரே நிறம். போனை அப்படிச் செய்த கம்பனியைத்தான் திட்ட வேண்டும்.

வைத்தியசாலை நிருவாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய மருத்துவமனையின் வலையமைப்பு நான்கு நாள் படுத்தது. சிறிது சிறிதாக ஒட்டி ஒட்டி வளர்ந்த வலையமைப்பு அது. ஸ்பானிங் ட்ரீ தாங்கும் என்று வைத்த ஏழு சுவிட்ச் தாண்டல் என்ற எல்லையை மீறி வளர்ந்திருந்தது. வைத்தியர்கள் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பினார்கள். அந்த மருத்துவமனை நடந்ததை மறைக்காமல் வெளியே சொன்னது. அதன் தகவல் பிரிவுத் தலைவர் ஜோன் ஹலாம்கா தாங்கள் கற்றதை எழுதியும் பேசியும் பகிர்ந்தார். வலையமைப்பு வேலை செய்யும் எங்களுக்கு அது இன்றுவரை பாடம். நமது கட்டடங்களும் அப்படித்தான் வளர்கின்றன: ஒரு புது வாட்டு, ஒரு புதுச் சுவிட்ச், அதன் வாலில் இன்னொன்று, அதன் வாலில் இன்னொன்று. ஸ்பானிங் ட்ரீ இருந்தால் போதும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை சுவிட்சுகள் வரிசையாகக் கோர்த்திருக்கின்றன என்று ஒரு கடதாசியில் வரைந்து வையுங்கள். வரைய முடியாவிட்டால் அதுவே ஒரு பதில்.

பிறகு ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் ஆளில்லாத நேரம், என்னைப் போன்ற ஒருவரை வைத்துக்கொண்டு, ஒரு சின்ன வயரின் இரு நுனியையும் ஒரே சுவிட்சில் நீங்களே செருகிப் பாருங்கள். விளக்குகளைப் பாருங்கள், கைக்கடிகாரத்தைப் பாருங்கள். சில செக்கன்களில் அந்தப் போர்ட் மூடி மற்றவை அமைதியாக இருந்தால் நீங்கள் கொடுத்த காசு சரி. மூடாமல் கட்டடமே வெறிபிடித்தால், பூட்டியவரை அன்றைக்கே கூப்பிட்டு விளக்கம் கேளுங்கள். நான் பூட்டியதாக இருந்தால் என்னை. தீயணைப்புப் பயிற்சி செய்கிறோம் அல்லவா, அது மாதிரி ஒரு பயிற்சிதான் இது. இந்த மாவட்டத்தில் நான் பூட்டிய இடங்களில்கூட இதை மனமுவந்து செய்ய விட்டவர்கள் இரண்டே இரண்டு பேர். ஒருவர் கிண்ணியாப் பக்கத்துப் பாடசாலை அதிபர். வயரைச் செருகிவிட்டு, பதினெட்டு வரை எண்ணினார், போர்ட் மூடியது. "சரி தம்பி, இப்ப பிள்ளையளைக் கூப்பிடுங்க, அவங்களும் பாக்கட்டும்" என்றார். தகவல் தொழில்நுட்ப வகுப்பு அன்றைக்கு ரேக்குக்கு முன்னால்தான் நடந்தது.

கடைசியாக, அந்த அலுவலகத்தின் நிருவாகத்துக்கு. நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். ஸ்பானிங் ட்ரீயை அன்றே நான் போட்டுவிட்டேன். மேல்மாடிச் சின்னச் சுவிட்சையும் மாற்றிவிட்டேன், பற்றுச்சீட்டு உங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை அதே வயரை அதே ஓட்டையில் நான் செருகிக் காட்டியபோது உங்கள் நிருவாக உத்தியோகத்தர் பக்கத்தில் நின்றார், ஒன்றும் படுக்கவில்லை. இது நடந்து நாலு மாதம். விளக்கம் கோரிய அந்தக் கடிதம் இன்னும் அந்த அண்ணனின் தனிப்பட்ட கோப்பில் இருக்கிறது. அவருக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதங்கள். அதை எடுத்துவிடுங்கள்.

உண்மையுள்ள,
வயர் இழுக்கும் ஒருவன்,
திருகோணமலை